அந்த ஊர்வலத்தில் வண்டி ஏன் நின்றது

கண்ணு,

வெள்ளிக்கிழமை காலை நீ வருகிறாய். அப்பா பெயரில் இருக்கும் காரை விற்க நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். போன வாரம் போனில் கேட்டபோது, "வித்துருங்கம்மா, அந்த வண்டிய நான் பாக்கக்கூட வேண்டாம்" என்றாய். சரி கண்ணு என்று வைத்துவிட்டேன். நான் சொல்ல நினைத்தது வேறு. எப்போதும்போல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். புனேவில் ரயில் ஏறுவதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடு. அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பிலும் போடப் போகிறேன். அந்தக் குரூப்பில் நான் இதுவரை போட்டதெல்லாம் பிறந்தநாளுக்குக் கைகூப்பும் படம் மட்டும்தான் என்பது உனக்கே தெரியும். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று படித்து முடிக்கும்போது புரியும். கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் காரியம் முடிந்து ஆறு மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதற்குப் பிறகு நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததையும், லைசென்ஸ் வாங்கியதையும் உன்னிடம் சொன்னேன். நீ "நல்லதும்மா" என்றாய், உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பனியன் கம்பெனி வேலைக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். போக இடம் ஒன்றும் கிடையாது. அவிநாசி வரை போவேன், ஒரு டீ குடிப்பேன், திரும்பி வருவேன். வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்ததும் கை தானாக ஹாரனுக்குப் போகும், அப்பா அடித்துப் பழக்கப்பட்ட அந்த இரண்டு குட்டி ஹாரன். அடித்த பிறகுதான் திறக்க ஆள் இல்லை என்பது ஞாபகம் வரும். இறங்கி நானே திறப்பேன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "ஏனுங்க, யாரையுங்க கூப்பிடறீங்க?" என்று கேட்டார். "வண்டி மக்கர் பண்ணுதுங்க" என்று பொய் சொன்னேன்.

பொய் சொன்ன வாய்முகூர்த்தமோ என்னவோ, இரண்டு மாதத்துக்கு முன் அது நிஜமாகவே மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் போதும், உடம்பு முழுக்க உதறும். ஸ்டீரிங்கிலிருந்து கைக்கு ஏறும், கையிலிருந்து பல்லுக்கு. டேஷ்போர்டில் அப்பா ஒட்டிவைத்த பிள்ளையார் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். மீட்டர் முள் மெல்ல இறங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, வண்டி அணைந்துவிடும். பின்னால் இருக்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும். ஒருமுறை பீகார் பையன்கள் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு, "பந்த் ஹோ கயா, தீதி", வண்டி அணைந்துபோச்சு அக்கா என்று இந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், பிள்ளையார் மாதிரி.

பட்டறைக்குப் போயிருக்கலாம். நம் ரோட்டு முனையிலேயே ஒன்று இருக்கிறது, ஞாயிறும் திறந்திருக்கும். வாசலில் ஒரு பெஞ்ச், அதில் எப்போதும் நாலு ஆண்கள். மூன்று ஞாயிறு அதைத் தாண்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைப்பேன், பெஞ்சைப் பார்ப்பேன், அப்படியே போய்விடுவேன். நான்காவது ஞாயிறு குறைத்தபோது வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நானாக இறங்கியிருக்க மாட்டேன். வண்டிதான் என்னை இறக்கியது.

பட்டறைக்காரர் பெயர் ஜான்சன், தூத்துக்குடிப் பக்கம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஓடையில குலுங்குதாக்கா, நிக்கையிலயா?"

"நிக்கறப்பங்க."

"ஏசி போட்டா?"

"இன்னும் அதிகமுங்க."

"ஆக்சிலேட்டர லேசா அமுத்துனா?"

"அடங்கிருதுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுதீங்களே. இங்க வாரவங்க எல்லாம் எனக்கே வைத்தியம் சொல்லிக் குடுப்பாங்க" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் துப்பட்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேலை செய்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது கண்ணு. எதையும் அவசரப்பட்டு மாற்றவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்து முனைகளைப் பார்த்தார். நாலும் ஒரே பழுப்பு நிறம், அதில் தப்பில்லை என்று திரும்ப மாட்டிவிட்டார். ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. "திருப்பூர்ல எந்த வண்டியத் தொறந்தாலும் ஒரு தலகாணி தைக்கலாம்க்கா" என்றார். காற்று உள்ளே போகும் வாயில் கரி பிடித்திருந்ததைத் துடைத்தார். ஸ்டார்ட் செய்தார். கொஞ்சம் தேவலை, ஆனால் நடுக்கம் போகவில்லை. இஞ்சினைத் தாங்கும் ரப்பர்களில் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இஞ்சின் மேல் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனார், டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதுபோல. ஓரிடத்தில் நின்றார். விரல் கனத்துக்கு ஒரு ஹோஸ். அதை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தார்.

வண்டி சட்டென்று அடங்கியது. பிள்ளையார் தலையாட்டுவதை நிறுத்தினார். விரலை எடுத்தார், உதறியது. பிடித்தார், அடங்கியது.

"இதான்க்கா. கணக்குல வராத காத்து உள்ள போவுது. வேகமா ஓடையில இது ஒரு பொருட்டே இல்ல. சும்மா நிக்கையிலதான், இஞ்சின் மெதுவா மூச்சு விடுத நேரத்துல, இந்தச் சின்ன ஓட்டை பெருசாப் போயிரும். சூடு ஏற ஏற இன்னும் விரியும். வண்டி நின்னுரும். ஓட்டுதவன் என்ன செய்வான்?"

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஹோஸைக் கழற்றினார். அதன் நடுவில் துணிக்கட்டு மாதிரி தடித்து இருந்தது. பிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெரூன் கலர் எலாஸ்டிக், பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே நேவி ப்ளூ. அதற்கும் கீழே வெள்ளை. கடைசியில் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு. கலர் மூன்றுமே ஜட்டிக்கு இடுப்பில் தைக்கிற எலாஸ்டிக். அவர் முடிச்சைப் பார்த்தார்.

"ஏக்கா, இது யாரு கெட்டுனது? மெக்கானிக் கெட்டு இல்லியே. கட்டிங் பீஸ பண்டல் போடுவாங்கள்லா, அந்த முடிச்சு. பனியன் கம்பெனி ஆளு யாரோ."

பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. ஒருவர், "வண்டிக்கு ஜட்டி போட்டுவிட்டுருக்காங்கப்பா" என்றார்.

"நானுங்க" என்றேன்.

"நீங்களா? மூணு தடவையுமா?"

"மூணு தடவையுமுங்க."

ஐந்து வருடத்தில் இதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். முன்பின் தெரியாத ஐந்து ஆண்கள் முன்னால் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. ஜான்சன் புது ஹோஸ் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கி, பத்து நிமிடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டுக்கு வெளியே வண்டியை ஓடவிட்டபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன அசைவு இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் பத்து நிமிட வேலையாக இருந்தது இது.

அந்த மூன்று கட்டுகளையும் நான் எப்போது போட்டேன் என்று சொல்கிறேன்.

வெள்ளை, குன்னத்தூரில் நடந்த உன் அத்தை பையன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால். அப்பா வெளியூர் போயிருந்தார். சும்மா கிடக்கக்கூடாது என்று வண்டியை ஸ்டார்ட் செய்து, போனட்டைத் திறந்து வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. தேடினேன், ஹோஸில் கீறல் தெரிந்தது. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் கண்ணு. நம் வகையறாவில் முதல் டிகிரி. அப்பா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், "எம் பொண்டாட்டி பிசிக்ஸுங்க, ஆனா ஃபியூஸ் போனா நாந்தான் போடோணும்" என்று சொல்லிச் சிரிப்பார். படித்ததை எதற்கும் பயன்படுத்தாமல், கம்பெனியில் செக்கிங் டேபிளில் தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதே என் வேலையாகிவிட்டது. அந்த வேலை எனக்கு ஒத்துப்போனதே அதில் பேச வேண்டியதில்லை என்பதால்தான். தப்பு இருக்கிற இடத்தில் அம்பை ஒட்டிவிட்டால் அதுவே பேசிக்கொள்ளும். அன்று அந்தக் கீறலைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். இது காற்றழுத்தம் சம்பந்தப்பட்டது, இது எனக்குத் தெரியும் என்று. பட்டறைக்குப் போய் ஆண்கள் நடுவே நிற்கவும் வேண்டாம். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, மேலே வெள்ளை எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துக் கட்டினேன். சத்தம் நின்றது. நானே சரிசெய்துவிட்டேன் என்று இரண்டு நாள் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் சூட்டில் எலாஸ்டிக் இளகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிசிக்ஸ் படித்தவளுக்கு.

குன்னத்தூர் கல்யாணத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்து பார்த்தாய். நான் முன்னால் இருந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் பெரிய பெரிய வண்டி தருகிறேன் என்றார்கள். அத்தைதான், "தாய்மாமன் வண்டியிலதான் எம்பையன் மண்டபத்துக்கு வரோணும்" என்று பிடிவாதமாக நின்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆன உன்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கோவிலிலிருந்து மண்டபம் வரை ஒரு கிலோமீட்டர், ஜமாப் மேளம் அடிக்கிறவர்களுக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக. நின்று நின்று போக வேண்டும். அந்த வண்டியால் செய்யவே முடியாத ஒரே காரியம் அதுதான்.

நான் சீர்த்தட்டோடு போனட்டுக்கு நாலடி முன்னால் நடந்தேன். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது போனட் மேல் கிடந்த சாமந்தி மாலை நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டி அணைந்தது. நீ ஸ்டார்ட் செய்தாய். மறுபடி அணைந்தது. "மாப்பிள்ளைய எறங்கி நடக்கச் சொல்லுங்கப்பா, முகூர்த்தத்துக்குப் போயிரலாம்" என்று யாரோ சொன்னார்கள். இன்னும் ஏதேதோ சொல்லிச் சிரித்தார்கள். ஐந்தாவது தடவை அணைந்ததும் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "எறங்குடா. வண்டிய நிக்கவெக்கத் தெரியாதவன் எதுக்கு ஓட்டோணும்? செந்திலு, நீ ஏறு." உன் பெரியப்பா பையன் ஏறினான். அவன் பழகின ஆள், நிற்கும்போதும் ஆக்சிலேட்டரில் காலை வைத்து உறுமவிட்டுக்கொண்டே ஓட்டினான். வண்டி நிற்கவில்லை. "பாத்தீங்களா, ஓட்டறவன் ஓட்டுனா ஓடுது" என்றார்கள். நீ டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி, நிற்கும்போது காலை எடுத்துவிட்டு ஒழுங்காகத்தான் ஓட்டினாய் கண்ணு. இதை ஜான்சனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மாலை நடுங்கியபோதே எனக்குத் தெரியும்.

ஒரே வாக்கியம். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அத்தனை பேர். தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் திரும்பி நடந்தேன். நீ புது வேட்டியோடு உன் அப்பாவின் வண்டிக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்து வந்தாய். பந்தியில் உன்னைக் காணவில்லை. பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது.

நேவி ப்ளூ, மறுநாள் மத்தியானம் கட்டினேன். அப்பா கல்யாண அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கு மேலே இன்னும் இறுக்கமாக. யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று கேட்டைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியது. அதனால் உன் தப்பு ஊர்ஜிதமாகிவிட்டது. நீ அந்த வண்டியைத் தொடவே இல்லை. காலேஜ் முடித்தாய், புனேவுக்குப் போனாய். போனில் என்னிடம், "அப்பா நல்லாருக்காராம்மா?" என்பாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட்டானாமா கேளு" என்பார். இரண்டு பேரும் பேச வாய் வராத ஒருத்தி வழியாகப் பேசினீர்கள்.

மெரூனைப் பற்றித்தான் என்னால் எழுத முடியவில்லை. மூன்று நாளாக இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

அப்பா போவதற்கு ஒரு மாதம் முன்னால், உடுமலை போய்விட்டு வந்தார். வீட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்தார், கேட்டைத் திறந்தேன். வண்டியை உள்ளே விட்டவர் இறங்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். ஸ்டீரிங்கில் கையை வைத்தபடியே, "ஏ புள்ள, எனக்கே நின்னுபோச்சு. ரயில்வே கேட்ல நாலு தடவ" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு அவன் மேல தப்பில்லீன்னு தோணுது. வெடுக்குனு எறக்கிப்போட்டனே, அத்தன சனத்து முன்னால" என்றார். நான் சொம்போடு நின்றேன். அவர் எனக்கு வழியைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது என்ன தெரியுமா? "சாப்பிட வாங்க, ஆறுது." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "தீவாளிக்கு வருவானில்ல, அப்ப நேர்ல சொல்லிப்போடறேன். போன்ல சொன்னா நல்லாருக்காது" என்றார். மறுநாள் நான் மெரூன் எலாஸ்டிக் கட்டினேன். புரட்டாசியில் அவர் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, சமையலறை வாசலில் நின்று நீ கேட்டாய்: "கடைசி வரைக்கும் அப்பா என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலியாம்மா?" நான், "அவரு என்னத்தச் சொல்லுவாரு கண்ணு, அவரு சுபாவம் அப்படி" என்றேன். அவர் சொன்னதை உனக்குச் சொன்னால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று சொல்ல வேண்டும், வண்டி ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். என் வெட்கத்தைக் காப்பாற்ற உன் அப்பாவின் கடைசி வார்த்தையை உனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் தனியாக இல்லை. அந்த வார்த்தை கூடவே இருந்தது.

அதை இப்போது உன்னிடம் கொடுத்துவிட்டேன். மேலே அப்படியே எழுதியிருக்கிறேன், அவர் பேசியபடி. ஒரு எழுத்து கூட்டவில்லை.

உனக்கும் என்னைப் போலத்தான் கண்ணு, கூட்டத்தில் வாய் வராது. அன்று நீயும் "வண்டியில ஏதோ கோளாறுங்கப்பா" என்று சொல்லவில்லை. அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்தது, அதனால் ஒன்று கேட்கிறேன். சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிடு, குழறினாலும் சரி, நாலு பேர் சிரித்தாலும் சரி. விட்டுவிட்டால் அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு கட்டுப் போட வேண்டியிருக்கும். நாளை உனக்குக் கீழே ஒரு பையன் வேலை பார்த்து, ஏதாவது கெட்டுப்போய் எல்லோரும் அவனைப் பார்த்தால், அவனை இறக்குவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பார். நிக்கையிலயா, ஓடையிலயா என்று கேள்.

நீ தலைகுனிந்து நின்றது சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க. இதை உனக்கு மட்டும் அனுப்பினால் அது பாதிதான். அதனால் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும், அத்தைக்கும், செந்திலுக்கும், அன்று சிரித்தவர்களுக்கும் சொல்கிறேன். குன்னத்தூர்ல வண்டி நின்னது எம்பையனால இல்லீங்க. அந்த ஹோஸ நாந்தானுங்க கட்டுனேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு நான் வண்டியைக் கொண்டுவருகிறேன். நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் சரி, ஆட்டோ பிடித்து வந்தாலும் சரி, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உன் ரயில் எவ்வளவு தாமதமானாலும் இஞ்சினை அணைக்காமல் வாசலில் காத்திருப்பேன், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு. நீ வரும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா